முதல் டம்ளர்

அழுகின மீன் நாற்றம். ஆய்வுக்கூடத்தில் மீன் ஏது? நாற்றம் அந்த வெள்ளைப் பொடியிலிருந்து வந்தது.

உலோக அணுக்களை மூலையில் நிறுத்தி, கரிமக் கம்பிகளால் இணைத்துக் கட்டிய படிகம் அது. உள்ளே முழுக்கப் பொந்து. ஒரு சிட்டிகையின் உட்பரப்பை விரித்தால் ஒரு மைதானமே வரும். காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சூடாக்கினால் தண்ணீராக விட்டுவிடும். எத்தனையோ பேர் வருடக்கணக்கில் மண்டையைக் குடைந்து கண்டுபிடித்த சமாச்சாரம். ஆனால் அதைத் தயாரிக்கிற, மீன் நாற்றமடிக்கும் கரைப்பான் பொந்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்; தண்ணீரில் கலந்தால் ஈரலைக் கெடுக்கும். எரிசாராயத்தில் மூன்று நாள் மாற்றி மாற்றி ஊறவைத்தால்தான் கிளம்பும். அந்த வேலைக்குத்தான் அவள். கூடத்தில் எல்லாருக்கும் அவள் கழுவுற அக்கா.

இந்த முறை ஒரே நாளில் கழுவி முடித்தாயிற்று. மூன்று நாள் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்.

போடச் சொன்னவர் இயக்குநர். ஆளுக்கு முன்னால் வாசனை வந்துவிடும் என்பதால் அவருக்குச் சென்ட் பாட்டில் என்று பெயர்.

"ரெண்டு நாள்ல என்னம்மா குடிமுழுகிடப் போகுது? தண்ணிய நல்லா குளிரவச்சுக் குடு, நாத்தம் தெரியாது."

எதிர்த்துப் பேசினால் வேலை ஒப்பந்தம் நீளாது. வாயை மூடிக்கொண்டு போட்டாள். அன்றிலிருந்து சோற்றைக் கரண்டியால்தான் தின்றாள். தன் கையே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இன்று ஒரு விடுதிப் பள்ளியின் தலைமையாசிரியை, அந்தப் பொடியை வைத்துக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் பெட்டியை வாங்க வந்திருந்தார். விடுதியில் நானூறு பிள்ளைகள்.

"இனிமே வறட்சிங்கறது அகராதியிலதான் இருக்கும், மேடம்" என்று அளந்தபடி சென்ட் பாட்டில் டம்ளரை நிரப்பி நீட்டினார். அவர் கையில் மட்டும் கடையில் வாங்கிய தண்ணீர். தொண்டை கட்டியிருக்கிறதாம். அந்த முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

தலைமையாசிரியை, பொடியைக் கழுவியவள் யாரென்று கேட்டு, டம்ளரை அவளிடம் கொடுத்தார். "உங்க உழைப்பும்மா. மொத வாய் நீங்க குடிங்க."

உதட்டருகே கொண்டுபோனாள். வாடை குப்பென்று ஏறியது. ஒரே மடக்கு, விழுங்கினால் வேலை நிலைக்கும். தான் ஒருத்தியோடு போகும் என்றால் விழுங்கியிருப்பாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"குடிக்கக் கூடாதுங்க. பொடிய ஒரு நாள்தான் கழுவுனோம்."

தலைமையாசிரியை பெட்டியோடு கொடுத்திருந்த தாளைப் புரட்டினார். "மூணு நாள்னு இருக்கே. யாரு கையெழுத்து இது?"

"என்னுதுதான்."

தலைமையாசிரியை அவளைப் பார்த்து முகம் சுளித்தார். சென்ட் பாட்டிலும் கூடவே சுளித்தார்.

"உன்ன நம்பித்தானம்மா நான் பெட்டிய விக்கிறேன்" என்றார்.