ஞானசேகரனின் வயிறு

மண்ணூர்பேட்டை ஞானசேகரன், மறுபடி பெயின்ட் அடித்த வாட்ச் டயலைப் பார்த்தால் வாந்தி எடுப்பான். இது 2017-இல் ஆரம்பித்தது. அதற்கு முன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய சாதாரண ஆள். பழைய வாட்ச் சேர்க்கிறவர்கள் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வந்து வரிசையில் நின்றார்கள். கம்பெனியில் போட்ட டயல் என்றால், எவ்வளவு கறை பிடித்திருந்தாலும் பார்த்துவிட்டு டீ குடிப்பான். மேலே அடித்தது என்றால் வாளி கேட்பான். லென்ஸ் வைத்திருந்தவர்கள்கூட அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். மனைவி சித்ராவுக்கு இதில் பெருமை. "எம்புருசன் வாய் பொய் சொன்னாலும் வயிறு சொல்லாது" என்று தெருவெல்லாம் சொல்லுவாள்.

இவ்வளவு இருக்க, அந்தப் பொய் டயல்களில் பாதி தயாரானது அவன் வீட்டு உள்ளறையில்தான். சித்ராவின் தம்பி பாபு நாலு வருஷமாக அக்கா வீட்டில் தின்றுகொண்டு, நல்ல டயல்களைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, வெள்ளையடித்து, எழுத்து பதித்து விற்றான். சீ, அதுவும் ஒரு பிழைப்பு. சாம்பாரில் தின்னர் வாடை, தலையணையில் தின்னர் வாடை. ஞானசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஆடியில் திருமுல்லைவாயில் ஃப்ளாட்டிலிருந்து பிரசன்னா என்ற ஐடிக்காரர் வந்தார். இறந்துபோன அவர் அப்பா கையில் கட்டியிருந்த அதே மாடல் வாட்ச் பாபுவிடம் இருந்தது. ஞானசேகரன் சொன்னால்தான் வாங்குவேன் என்றார். பாபு மாமாவை உள்ளே இழுத்தான். "ஒரே ஒரு தபா ஒரிஜினல்னு சொல்லிடு மாமா. ஊட்ட காலி பண்ணிக்கினு முத்தாபுதுப்பேட்டைக்குப் போய்டறேன்."

நாலு வருஷ வாடை ஒழியுமே என்று ஞானசேகரன் தலையாட்டினான். டயல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. எழுத்துகள் வீங்கியிருந்தன. முள்ளில் பூசிய ரேடியம் பழுப்பேறியிருக்க, டயலின் புள்ளிகள் மட்டும் நேற்று வைத்த பச்சை. தொண்டைவரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, "ஒரிஜினல்தான் சார்" என்றான். பிரசன்னா கண் கலங்கி வாட்சைக் கட்டிக்கொண்டார். இதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் காலை ஞானசேகரனின் முகம் புதிதாக இருந்தது. அம்மைத் தழும்பு இல்லை, சுருக்கம் இல்லை. புருவம் கொஞ்சம் தடிமன், மச்சம் அரை விரல் தள்ளி இருந்தது. கலர் ஏறியிருக்கிறது என்று தெருக்காரர்கள் பாராட்டினார்கள். சித்ரா ஒருமுறை பார்த்தாள், ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுத்தாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த பாபு கிட்டே வந்து, மாமாவின் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி நிதானமாகப் பார்த்தான்.

"நல்ல வேலை மாமா. யாரு பண்ணது?" என்றான்.

பாபு போய்விட்டான், வாடையும் போய்விட்டது. இப்போது ஞானசேகரனுக்கு எந்த டயலும் குமட்டுவதில்லை. ஆதாரில் படத்தை மாற்றிக்கொண்டான். சித்ரா மூன்று வேளையும் அவனுக்குச் சோறு போடுகிறாள். சுவரைப் பார்த்துக்கொண்டு போடுகிறாள்.