என் பெயரில் மூன்று கொட்டேஷன்

எங்கள் பல்கலைக்கழகத்தில் எதை வாங்குவதாக இருந்தாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். சோதனைக் குழாய்க்கு மூன்று. துடைப்பத்துக்கு மூன்று. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு நான் விண்ணப்பித்தபோது எனக்கும் மூன்று கேட்டார்கள். யார் குறைந்த விலைக்கு வருகிறாளோ அவளை எடுத்துக்கொள்வார்கள். விதி அப்படி.

எங்கள் துறைக்குக் கண்ணாடிச் சாமான் சப்ளை செய்யும் துரைப்பழம் அண்ணனிடம் போனேன்.

"நான் ஒருத்திதான இருக்கேன், என்ன செய்ய?"

"எப்பவும் போலத்தான் தங்கச்சி. ஒரு கொட்டேஷன் நெசம், ரெண்டு சும்மா. அந்த ரெண்டையும் நானே போட்டுத் தாரேன். வெலையக் கூட்டி வச்சிருவேன். ஒனக்குத்தான் கெடைக்கும்."

மறுநாள் டெம்போவில் இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனார். இரண்டு பேரும் நான்தான். என் சுடிதார், என் ரப்பர் செருப்பு, என் மூக்கு. ஒருத்தியின் தோளில் மட்டும் பார்சல் வைக்கோல் ஒட்டியிருந்தது.

நான் என் குடுவையைத் தூக்கிக்கொண்டேன். அதற்குள் பாசி இருந்தது. தூத்துக்குடியில் அம்மா உப்பு வாரும் பாத்தியில் எடுத்தது. சாதாரணமாகப் பச்சையாக இருக்கும். உப்பும் வெயிலும் ஏற ஏற மற்ற உயிரெல்லாம் செத்துப்போகும். இது சாகாது, சிவக்கும். ஏன் சாகவில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி.

உதவித்தொகை கிடைக்காவிட்டால் அன்று சாயங்காலமே பாசியைச் சாக்கடையில் கொட்டிவிடுவார்கள். அதன் விளக்கை ஏற்கெனவே பிடுங்கிவிட்டார்கள். துறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் உண்டு. அது தேர்வுக் குழுத் தலைவருக்கு வேண்டும் என்றார்கள். விளக்கை ஒயரோடு தோளில் மாட்டிக்கொண்டு நேர்காணலுக்குக் கிளம்பினேன்.

நடைபாதை நடக்க நடக்க நீண்டது. நிதியாண்டு முடியும்வரை அப்படித்தான் நீளும் என்று பியூன் சொன்னார்.

"நீ மத்தியானம் சாப்பிடுவியா?" என்று வைக்கோல்காரி கேட்டாள்.

"சாப்பிடுவேன்."

"நான் சாப்பிட மாட்டேன்" என்றாள்.

அப்படியானால் என்னைவிட அவள்தான் மலிவு. துரைப்பழம் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அவசரத்துல வெலைய மாத்திப் போட்டுட்டேன் தங்கச்சி. வித்த சாமானத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று வைத்துவிட்டார்.

குழுத் தலைவர் குளிர்பதனப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். போன திட்டம் முடிந்தபோது, கெட்டுப்போய்விடக் கூடாது என்று உள்ளே வைத்திருக்கிறார்கள். கதவைக் கொஞ்சம் திறந்து பேசினார். பேச்சோடு வெண்புகையும் வந்தது.

"கொறஞ்சது என்னம்மா?"

"எனக்குச் சோறு வேண்டாம் சார்" என்றாள் வைக்கோல்காரி.

"எனக்கு ஹாஸ்டலும் வேண்டாம், பாசியும் வேண்டாம் சார்" என்றாள் மற்றவள். "ஆராய்ச்சி முடிவ மொதல்லயே எழுதிட்டு வந்திருக்கேன்."

தலைவரின் மீசையில் பனி பூத்தது. திருப்தியானால் அப்படிப் பூக்குமாம்.

"நீ என்னம்மா கொறைக்கப் போற?"

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும் என்பார்கள். சேர்ந்த நாளிலிருந்து என் கைடு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் புக் செய்துகொண்டிருக்கிறேன். நான் எப்போதோ கட்டெறும்பு ஆகிவிட்டேன். இதற்கு மேல் தேய என்ன இருக்கிறது? எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்.

"எனக்குச் சோறு வேணும் சார். மீன் கொழம்போட."

"கொறைக்கச் சொன்னேன்மா. கூட்டக் கூடாது."

"ஞாயித்துக்கெழம லீவு வேணும். அந்தந்த மாசத்து ஸ்டைபண்ட் அந்தந்த மாசமே வரணும். யாரு வீட்டுக்கும் சிலிண்டர் புக் பண்ண மாட்டேன். என் பாசிக்கு வெளிச்சம் வேணும். அது ஏன் சாகலன்னு எனக்குத் தெரியணும்."

"இப்பிடி ஏறிக்கிட்டே போனா ஒன்ன யாரும்மா எடுப்பா?"

"அடிமாட்டு வெலைக்கு வர மாட்டேன் சார். நான் உப்புப் போட்டுச் சோறு திங்கிறவ."

வைக்கோல்காரி என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"மீனுன்னா என்ன மீனு?"

"சாள."

"அப்ப எனக்கும் வேணும்."

மற்றவள் குடுவைக்குள் நெடுநேரம் எட்டிப் பார்த்தாள்.

"சார், என் முடிவு தப்பு" என்றாள். "பாசி செத்துப்போச்சுன்னுல்லா எழுதியிருக்கேன். இது உசுரோட இருக்கு. எனக்கும் வெளிச்சம் வேணும்."

"மூணும் ஒரே ரேட்டா?" தலைவர் பெட்டிக்குள் எழுந்து நின்றார். "இது கூட்டுச் சதி. எல்லாம் கேன்சல். பாசியக் கொட்டுங்க!"

நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து பியூன் வாளியோடு புறப்பட்டார். அவர் நடக்க நடக்க நடைபாதை நீண்டது. எங்களுக்கு நேரம் இருந்தது.

நான் பெட்டிக்குப் பின்னால் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த இடத்தில் என் விளக்கை மாட்டினேன்.

"யம்மா, கெட்டுப்போயிருவேம்மா!"

"வெளிய வந்து உக்காருங்க சார். நாங்க எல்லாரும் வெளியதான் இருக்கோம். கெட்டா போயிட்டோம்?"

அவர் மூக்கிலிருந்து முதல் சொட்டு விழுந்தது. பியூன் இன்னும் கட்டைவிரல் உயரத்தில்தான் தெரிந்தார். நாங்கள் மூவரும் விளக்கைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தோம். சாளை மீனை எப்படி ஆய்வது என்று வைக்கோல்காரி கேட்டாள். சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குடுவையின் ஓரத்தில் பாசி சிவக்கத் தொடங்கியது.