கதவ சாத்து

"இன்னைக்கி அம்மா பாட்டு, அக்கா. புதுசு. நீ முன்னாடி வந்து ஒக்காரணும்," என்று ரூபன் காலையில் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து கலாதேவிக்குச் சோறு இறங்கவில்லை.

தம்பி ராப் பாடுகிறவன். எழுதத் தொடங்கிய நாளிலிருந்து வரிகளை முதலில் அக்காவிடம்தான் சொல்லிக் காட்டுவான். அவள் மீன் கழுவிக்கொண்டே, "இந்த எடத்துல மூச்சு முட்டுது, ஒரு வார்த்தையத் தூக்கு" என்பாள். "இது பொய்யா இருக்கு" என்றும் சொல்வாள். அவனும் மறுபேச்சு பேசாமல் அந்த வரியை அடித்துவிடுவான். இந்தப் பாட்டை மட்டும் அவளிடம் காட்டவே இல்லை.

அம்மாவைப் பாடினால் கதவைப் பாடாமல் முடியாது. அதுதான் அவள் பயம். சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஒரு சம்பள நாள் சாயங்காலம், அப்பா மாயாண்டி வழக்கம்போல் குடித்துவிட்டு வந்து அம்மாவைப் போட்டு அடித்தார். "கதவ சாத்துடி, தம்பி பாக்கப் போறான்," என்றாள் அம்மா. பதின்மூன்று வயதுக் கலா அறைக்கதவைச் சாத்தினாள். மறுபடி திறந்தபோது அம்மா உயிரோடு இல்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று ஊரே சொன்னது. கலாவும் சொன்னாள்.

ஐந்து வயது ரூபனுக்கு 'கதவ சாத்து' என்ற அம்மாவின் குரலும் தாழ்ப்பாள் சத்தமும்தான் ஞாபகம். அப்பாதான் சாத்தினார் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டான். கலா திருத்தவில்லை. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் அவனை வளர்த்து ஆளாக்கியவளுக்கு அவனை விட்டால் வேறு நாதி இல்லை. உண்மை தெரிந்தால் அவன் தன் முகத்தில் முழிக்கமாட்டான் என்று பயந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானமே ஈப்போ பழைய டவுன் மண்டபத்தில் கூட்டம் பிதுங்கியது. மைக்கைப் பிடித்த ரூபன் உடனே பாடவில்லை, பாடம் எடுத்தான்.

"நான் 'கதவ'ன்னா நீங்க 'சாத்து'ங்கணும். சத்தமா லா! தூங்குறீங்களா? கதவ!"

"சாத்து!"

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கத்தினார்கள்.

பின்னால் நின்ற அவன் கூட்டாளி கால்வின் இசையை விட்டான். கரகரவென்று ஒரு ரேடியோ பாடியது. கலாவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், ஆனால் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அதற்கு ரேடியோ இருந்தது. சுவர் கூரையைத் தொடாத வீடுகள் அவை. ஒரு வீட்டில் அடி விழுந்தால் பக்கத்து வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைப்பார்கள். கேட்காத மாதிரி இருப்பதுதான் அங்கே மரியாதை. அம்மா செத்த அன்று இரண்டு பக்கமும் பாட்டு அலறியது.

அந்த மரியாதையைத்தான் பயல் தாளமாக்கியிருந்தான். கூட்டம் 'சாத்து' என்று கத்தும்போதெல்லாம் ரேடியோ ஒரு பிடி கூடியது. அவன் குரல் அதற்கடியில் போனது.

"பால்மரம் சீவுற கத்தி,
பாத்திரம் பறக்குது சுத்தி,
பக்கத்து ரேடியோ கத்தி
அவ அழுகைய மறைக்கிது பொத்தி..."

ஒவ்வொரு அடியிலும் கடைசிச் சொல்லைத் தாளம் போன பிறகே வைத்தான். துரத்துகிறவனிடமிருந்து தப்பி ஓடி வருகிறவன் பேசுவது போல் இருந்தது. மூச்சை எங்கே விட வேண்டுமோ அங்கே விடவில்லை. கேட்பவர்களுக்குத்தான் நெஞ்சு அடைத்தது. என்ன பாடுகிறான் என்று பிடிபடப் பிடிபட, கூட்டத்தின் 'சாத்து' மெலிந்துகொண்டே வந்தது. முன்வரிசையில் ஒரு பெண் கைப்பேசியைக் கீழே இறக்கினாள்.

ரேடியோ உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று நின்றது.

"கதவ..." என்றான் ரூபன், மெதுவாக.

யாரும் வாய் திறக்கவில்லை. அதுவரை எதைச் சாத்திக்கொண்டிருந்தோம் என்று அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. இந்த மௌனத்துக்காகத்தான் முதலில் அவர்களைக் கத்தப் பழக்கியிருக்கிறான், பாவி. அவன் எழுதியதிலேயே இதற்கு மிஞ்சி ஒன்றும் இல்லை. கலாவுக்குப் பெருமையும் வந்தது, எழுந்து ஓடிவிடவும் தோன்றியது.

"சாத்துன ஆளு இன்னும் சாவல," என்று முடித்தான். "சோத்துக்கு வாயத் தொறக்குறாரு."

மண்டபம் வெடித்தது. பக்கவாதத்தில் கிடக்கும் மாயாண்டிக்கு, ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் இருக்கும் வீட்டில் காலையில் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தவள் கைதட்டவில்லை.

மேடைக்குப் பின்னால் ரூபன் வேர்த்து வழிந்துகொண்டு நின்றான்.

"எப்படிக்கா?"

"நல்லா இருந்துச்சிடா."

"வீட்டுக்குப் போயி அந்தாளு காதுல போட்டுக் காட்டப் போறேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தோடு போயிருக்கும். அந்த மனிதருக்குப் பரிந்து பேச அவளுக்கு ஆசையே இல்லை. ஆனால் தம்பியின் பாட்டில் ஒரு பொய்யையும் அவள் இதுவரை விட்டுவைத்ததில்லை. அவனுடைய ஆகச் சிறந்த பாட்டு தன்னுடைய பொய்யின் மேல் நிற்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"ரூபா, ஒரு வரி தப்பு."

"எங்க? தாளமா?"

"அப்பா சாத்தலடா. அம்மா எங்கிட்டதான் சொன்னாங்க. நாந்தான் சாத்துனேன்."

அவன் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். திட்டுவான், எழுந்து போய்விடுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் அழுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் அழுத மாதிரியே தேம்பினான். மன்னித்துவிட்டான் என்று நினைத்தபோது அவளுக்கும் கண் நிறைந்தது.

பிறகு அவன் உதடு அசைவதைப் பார்த்தாள். அது அழுகையின் அசைவு இல்லை. அடுக்களையில் அவன் வரி கோக்கும்போது இத்தனை வருடம் பார்த்த அசைவு.

"அக்கா," என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "எந்தக் கையால சாத்துன?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தான். ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தான்.

"சோத்தாங்கை," என்றாள் கலா.

ரூபன் கண்ணை மூடி அந்தச் சொல்லை இரண்டு விதமாக முணுமுணுத்துப் பார்த்தான். பிறகு அவள் கையை விட்டுவிட்டுக் கால்வினைக் கூப்பிட்டான்.