குக்கருக்குப் போன டிரான்ஸ்ஃபார்மர்

"எழுதி வச்சுக்கோ இந்திரா. இன்னும் ரெண்டே வருஷம். உன் கேசட் எல்லாம் மியூசியத்துக்குத்தான் போகும்."

"மியூசியத்துல வச்சாலும் சுவிட்ச் போட்ட உடனே ஓடும்ல? உன் சிடி சுத்தி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வந்துடுவேன் லா."

"பந்தயமா?"

"பந்தயம். தோத்தவங்க, ஜெயிச்சவங்க கேக்குற ஒண்ணைச் செய்யணும். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

"எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்."

1994 டிசம்பரில், பிரிக்பீல்ட்ஸில் இந்திராவின் அப்பா மீனாட்சிசுந்தரம் நடத்திவந்த டிவி கடையில் நடந்த பேச்சு அது. ஜப்பானில் சோனி கம்பெனி புதிதாக இறக்கியிருந்த, சிடியில் ஓடும் கேம் மிஷினான பிளேஸ்டேஷனின் படத்தை ஒரு பத்திரிகையில் காட்டிக் காட்டித் தியாகராசா குதித்துக்கொண்டிருந்தான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமாவில் இருவரும் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்ததும் அவள் அப்பாவின் கடையில் பாதியை வீடியோ கேம் பிரிவாக மாற்றினாள். நிண்டெண்டோ, சேகா மிஷின்களும் அவற்றில் செருகும் கேம் கேசட்டுகளும் அங்கே அடுக்கடுக்காக நின்றன. அவன் கிள்ளானில், வீட்டின் கீழ்த்தளத்திலேயே தனிக்கடை போட்டான். அவன் கடையில் எல்லாம் சிடி.

பந்தயம் கட்டிய அந்த நிமிடமே, ஜெயித்தால் என்ன கேட்பது என்று இந்திராவுக்குத் தெரிந்துவிட்டது. பந்தயம் இல்லாமல் கேட்கத்தான் அவளுக்கு வழி தெரியவில்லை.

வழி தெரியாததற்குக் காரணம் இருந்தது. சொந்தக்காரர் வீட்டுத் திருமணப் பேச்சு வரும்போதெல்லாம் மீனாட்சிசுந்தரம் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "பையன் வீட்டுக்காரங்க வந்து கேக்கட்டும். நாமளா போய் நின்னா நல்லா இருக்காது." தியாகராசாவின் அம்மா இராசேஸ்வரி யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் ஒரே வாக்கியம்தான் சொல்வார், ஆனால் நேர் எதிராக: "எங்கட வீட்டில பொம்பிளை வீட்டார்தான் முதல்ல வந்து கேப்பினம். நாங்கள் எப்பிடிப் போறது?" அவன் சிரித்துக்கொண்டே அதை அவளிடம் சொல்லியிருந்தான். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போனபிறகு சிரிப்பு வரவில்லை. இந்தக் கணக்கில் அவளும் அவனும் அறுபது வயதுவரை காத்திருக்கலாம்.

ஆகவே பந்தயத்தை ஜெயித்தாக வேண்டியிருந்தது. ஆனால் ஜெயிக்கும் அறிகுறி எதுவும் இல்லை. 1996 தொடங்கியதும் அவள் கடைக்கு வரும் இளைஞர்கள்கூட, "அக்கா, சிடி மிஷின் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேசட்டில் ஓடும் நிண்டெண்டோ 64 ஜூனில் ஜப்பானில் வெளிவந்தது. அவள் அடித்துப் பிடித்து ஒன்றை வரவழைத்தாள். அதுதான் அவளுடைய கடைசி நம்பிக்கை.

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துடுவோம்," என்றான் தியாகராசா தொலைபேசியில். "தீபாவளிக்கு முன்னால எங்க கடையில ஒரு ஓப்பன் டே வைக்கிறேன். காலையில பத்துலேர்ந்து பன்னிரண்டு. ரெண்டு டிவி, ரெண்டு மிஷின். பன்னிரண்டு மணிக்கு யார் பக்கம் வரிசை நீளமோ அவங்க ஜெயிச்சாங்க."

"உன் கடையில, உன் ஆளுங்க முன்னாலயா? நல்ல நியாயம்!"

"உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா. அவரே ஜட்ஜ்."

சனிக்கிழமை காலை அப்பாவும் மகளும் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தபோது கடை நிரம்பி வழிந்தது. எல்லாருக்கும் முன்னால் பக்கிரிசாமி நின்றார். போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுபவர். இரவு ஷிப்ட் முடிந்து நேராக இங்கேதான் வருவார், கார் பந்தய விளையாட்டு ஆட. நாற்பது அடி லோரி ஓட்டுகிறவருக்கு டிவியில் கார் ஓட்டுவதில் என்ன ஆசையோ, யாரும் கேட்டதில்லை.

ஜப்பானிலிருந்து வரும் மிஷின்களுக்கு நூறு வோல்ட் போதும். நம் சுவரில் வருவதோ இருநூற்று நாற்பது. அதனால் இந்த வியாபாரத்தில் இருப்பவர்கள் மின்சாரத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் எதையும் செருகமாட்டார்கள். இந்திரா தன்னுடையதைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். தியாகராசாவுடையது எப்போதும் மேசைக்குக் கீழே, துணித்திரைக்குப் பின்னால் இருக்கும். ஆறு மாதப் பழக்கத்தில் அவன் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. கையைவிட்டுத் தடவி ஒயரைச் செருகிவிடுவான்.

அன்றும் அப்படித்தான் செருகினான்.

"டப்!"

பிளேஸ்டேஷனிலிருந்து மெல்லிய புகைக்கோடு ஒன்று எழுந்தது.

"என்ன பாஸ்," என்றார் பக்கிரிசாமி, "தீபாவளிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கே. அதுக்குள்ள பட்டாசா?"

தியாகராசா துணியை விலக்கிப் பார்த்தான். டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்தில் வெறும் எக்ஸ்டென்ஷன் பலகை மட்டும் கிடந்தது. அவன் செருகியிருந்தது நேராகச் சுவர் மின்சாரத்தில்.

"இங்க இருந்த டிரான்ஸ்ஃபார்மர் எங்க?"

பக்கிரிசாமியின் முகம் மாறியது. "அந்தக் கறுப்புப் பெட்டியா? காலையில ஆன்டி கேட்டாங்க. நான்தான் கழட்டி மேல தூக்கிட்டுப் போய் வச்சேன்."

படிக்கட்டின் உச்சியில் இராசேஸ்வரி கரண்டியோடு வந்து நின்றார். "ஓம், நான்தான் எடுத்தனான். ஜப்பான் குக்கருக்கு அதுதானே வேணும்? வாற சனத்துக்குச் சோறு போட வேண்டாமே? முதல் ஈடு இறக்கியாச்சு, ரெண்டாவது வேகுது."

"அம்மா, அதை இப்பவே கழட்டித் தாங்கம்மா!"

"கழட்டினால் அரைவேக்காட்டுச் சோறுதான் திங்கோணும். உன்ர வசதி."

கூட்டம் முழுவதும் இந்திராவின் டிவிக்குத் திரும்பியது. நிண்டெண்டோ ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வரிசை வாசலைத் தாண்டி, கடைகளுக்கு முன்னாலிருந்த ஐந்தடி நடைபாதையில் நீண்டது. மீனாட்சிசுந்தரம் மகளின் காதருகே குனிந்தார். "ஜெயிச்சிட்டே ஆத்தா! இனி பன்னிரண்டு மணிவரைக்கும் சும்மா நின்னாப் போதும்."

சும்மா நின்றால் போதும்தான். பன்னிரண்டு மணிக்கு அவள் கேட்கலாம். அவன் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

அந்த இடத்தில்தான் இந்திராவின் மனம் இடறியது. மாட்டேன் என்று சொல்ல முடியாதவனிடமிருந்து கிடைக்கும் 'சரி'யை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? வாழ்நாள் முழுக்க, இவன் ஆசைப்பட்டு வந்தானா, பந்தயத்துக்கு வந்தானா என்று யோசித்துக்கொண்டிருப்பதா? அந்தப் பக்கம் தியாகராசா செத்துப்போன மிஷினைக் குழந்தையைப் போலக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான்.

"கொண்டா இங்க," என்றாள்.

"எதுக்கு?"

"பொங்கல் வைக்க. கொண்டா லா!"

ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் திறந்தாள். ப்யூஸ் கறுத்திருந்தது. அதன் பக்கத்தில், அதிக மின்சாரம் வந்தால் தன்னை எரித்துக்கொண்டு மற்றவற்றைக் காப்பாற்றும் சின்ன வில்லை ஒன்று பிளந்து கிடந்தது. மற்ற எல்லாம் நலம். அவன் கடையின் பின்னறையிலிருந்த பழைய விசிஆர் ஒன்றிலிருந்து ப்யூஸைப் பிடுங்கினாள். வில்லைக்கு, தான் கொண்டுவந்திருந்த கருவிப் பெட்டியைத் துழாவி ஒன்றை எடுத்தாள். பற்றவைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. தியாகராசா அவளுக்கு டார்ச் லைட் பிடித்தான். வெளிச்சம் அங்கும் இங்கும் அலைந்தது.

"நேரா பிடி. இது என்ன ரேஸ் கார் லைட்டா?"

"சரி, சரி. ஒரு நாள் இந்தக் கேசட்டும் இருக்காது, சிடியும் இருக்காது இந்திரா. டெலிபோன் ஒயர்லேயே கேம் வீட்டுக்கு வந்துடும்."

"அன்னைக்கு நம்ம ரெண்டு பேர் கடைக்கும் பூட்டுத்தான்."

"அப்ப நாம என்ன பண்றது?"

அந்த 'நாம'வை அவள் காது தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டது. மூடியை மூடி ஸ்க்ரூக்களைத் திருகினாள்.

மிஷின் தயார். டிரான்ஸ்ஃபார்மர்தான் இல்லை. மேலே குக்கரில் மூன்றாவது ஈடு வெந்துகொண்டிருந்தது. கீழே இருந்தது இந்திராவுடையது ஒன்றே. அதில் ஒரே ஒரு ஒயரைச் செருகத்தான் இடம். மணி பதினொன்று.

அவள் குனிந்து தன் நிண்டெண்டோவின் ஒயரைப் பிடுங்கினாள்.

வரிசையில் கூச்சல் எழுந்தது. "அக்கா! இப்பதான் என் டர்ன்!" "ஐயோ, கடைசிக் கட்டம் அக்கா!"

"ஆத்தா, என்ன பண்றே?" என்று மீனாட்சிசுந்தரம் பதறினார்.

"வியாபாரம் பண்றேன்பா," என்று சொல்லிவிட்டு, பிளேஸ்டேஷனின் ஒயரை அதில் செருகினாள். திரையில் வெளிச்சம் வந்தது. சிடி சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"தே தாரிக் யாருக்கு வேணும்?" என்றாள் இந்திரா. கடையே சிரித்தது.

பிறகு கார்கள் வந்தன. பக்கிரிசாமி கன்ட்ரோலரைப் பிடித்த பிடியில் நாற்காலியே வளைவுகளில் சாய்ந்தது. "போலீஸ் இல்லாத ரோட்டுல ஓட்டுறதுக்கு எவ்ளோ சுகம் தெரியுமா!" என்று கத்தினார். கூட்டம் அவருக்குப் பின்னால் சேர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி, பக்கத்துப் பூக்கடையைத் தாண்டி நின்றது.

ஜட்ஜுக்குத் தீர்ப்புச் சொல்ல மனமில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வரிசை என்னமோ தம்பி பக்கம்தான்," என்றார் மீனாட்சிசுந்தரம்.

"சிடி ஜெயிச்சிடுச்சு," என்றாள் இந்திரா. "கேளு."

தியாகராசா கூரையைப் பார்த்தான். படியில் நின்ற அம்மாவைப் பார்த்தான். அவளுடைய அப்பாவைப் பார்த்தான். "வந்து... உன்கிட்ட அந்த ஸ்க்ரூட்ரைவர் செட் இருக்குல்ல..."

"ஸ்க்ரூட்ரைவரா? ரெண்டு வருஷமா இதையா மனசுல வச்சிருந்தே?"

"இல்ல." அவன் குரல் இறங்கியது. "வச்சிருந்தது வேற. ஆனா இப்பக் கேட்டா உன்னால மாட்டேன்னு சொல்ல முடியாதே. அப்படி வாங்குறதுக்கு எனக்கு மனசு வரல."

இந்திராவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன.

"அப்ப பந்தயம் வேணாம். முடிஞ்சுபோச்சு. இனிமே யாரும் மாட்டேன்னு சொல்லலாம், சரியா?"

"சரி."

"நான் இப்ப ஒண்ணு கேக்கப் போறேன். உனக்கு வேணாம்னா இப்பவே சொல்லிடு."

'கேளு' என்பதுபோல் அவன் தலையை வேகமாக இரண்டு முறை ஆட்டினான். முகம் காதுவரை சிவந்திருந்தது.

இந்திரா கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரை மேசைமேல் வைத்தாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் போய் நின்றாள். கார்களின் சத்தத்தைப் பக்கிரிசாமி தானாகவே குறைத்தார்.

"ஆன்டி, உங்க வீட்டுல பொண்ணு வீட்டுக்காரங்கதான் முதல்ல கேக்கணுமாமே. எங்க அப்பாவும் இங்கதான் இருக்கார். உங்க மகனை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"