இருநூற்றுப் பதினோராம் வரி

மனச்சான்று உள்ளவர்கள் வாருங்கள். வந்து இந்த மேசையருகே நில்லுங்கள். சரவணம்பட்டியில், கண்ணாடிக் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில், வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பெண்ணின் முன்னால் ஒரு தாள் நகர்த்தி வைக்கப்படுகிறது. தாளின்மேல் பேனா. அவளுக்குச் சிரமம் வேண்டாமென்று பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருக்கிறார்கள். எளியவர் தலையில் பழியை ஏற்றும்போது இந்த நாட்டில் இவ்வளவு மரியாதையாகத்தான் ஏற்றுகிறார்கள். அந்த மரியாதையை உற்றுப் பாருங்கள்.

"போட்டுருங்க அம்மணி," என்றார் கம்பெனியின் முதலாளி சீனிவாசலு. "நான் உங்கள உட்ருவனுங்களா? ஒரு நாலு மாசம் ஊட்ல இருங்க. அப்பறம் நானே கூப்பிட்டுக்கறேன்."

அன்புச்செல்வி தாளைப் படித்தாள். உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள நூற்பாலையில் நேர்ந்த விபத்துக்குக் காரணம் அந்த ஒரே இயந்திரத்தில் ஏற்பட்ட கோளாறு. ஹெடர் கோப்பைப் பராமரிக்கும் தான் அதற்கென எழுதிய மதிப்பு தவறானது. முழுப் பொறுப்பும் தன்னுடையதே. நான்கு வரிகள். பதினோரு ஆண்டு உழைப்பை அடக்கம் செய்ய நான்கு வரி போதுமானதாக இருந்தது.

அந்த ஹெடர் என்னவென்று தெரியாமல் இந்த அநீதியின் ஆழம் தெரியாது. நூற்பாலை இயந்திரங்களை இயக்கும் போர்டுகளைச் செய்வது அந்தக் கம்பெனி. போர்டுக்குள் ஓர் இன்டர்பிரெட்டர் ஓடுகிறது. 'கரண்ட் வந்தால் மணியடி, முப்பது விநாடி பொறு, பிறகு ஓடு' என்று ஆலை ஃபிட்டர் ஓர் எளிய மொழியில் எழுதிவைப்பதை வரிவரியாகப் படித்து இயந்திரத்துக்கு எடுத்துச் சொல்வது அதன் வேலை. கடல்கடந்து யாரோ எழுதி, எல்லோருக்கும் பொதுவென்று விட்டுக்கொடுத்த நிரல் அது. எந்தப் போர்டில் குடியேறுகிறதோ அந்தப் போர்டைப் பற்றி அதற்கு ஒருவர் சொல்லியாக வேண்டும். எந்தப் படி ஆடும், எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்று புதிதாகக் குடிவருபவரிடம் சொல்வதுபோல. இந்த எண் எவ்வளவு அகலம்? இந்த வசதி உண்டா? உண்டென்றால் ஒன்று, இல்லையென்றால் சுழி. அந்தப் பதில்கள் வரிசையாக நிற்கும் கோப்புதான் ஹெடர். கம்பெனியிடம் ஆறு வகைப் போர்டுகள், ஆறு ஹெடர்கள். ஆறையும் அன்புச்செல்வி கையால் எழுதிக் காத்தாள். போர்டிலுள்ள சிப்பைச் செய்தவன் கொடுத்த புத்தகத்தை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. ஒவ்வொரு போர்டையும் மேசையில் வைத்து, கரண்டைப் பிடுங்கி, திரும்பச் செருகி, அது எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்த பிறகே ஒரு வரியை எழுதுவாள். ஏன் அப்படி எழுதினாள் என்பதைப் பக்கத்திலேயே குறித்துவைப்பாள்.

இருநூற்றுப் பதினோராம் வரி கேட்ட கேள்வி இது: தாவாமல் சீராக ஓடும் கடிகாரம் இந்தப் போர்டில் உண்டா? அவள் சுழி போட்டிருந்தாள். பக்கத்தில் குறிப்பு: 'உண்டு என்று சொல்லும். நம்பாதே. கரண்ட் போய் வந்தால் பழைய ஆண்டொன்றிலிருந்து தொடங்கும். சர்வரின் தொடர்பு கிடைத்ததும் ஒரே தாவலில் இன்றைய தேதிக்கு வந்துவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் போர்டின் மின்துடிப்புகளை எண்ணு.' அந்தச் சுழி இருந்தவரை ஆலையில் முப்பது விநாடி என்றால் முப்பது விநாடியாகவே இருந்தது.

கம்பெனி பரிசு வாங்கிய மேடையில் அவள் பெயர் சொல்லப்படவில்லை. அழகாக அச்சடித்த கையேட்டில் அவள் பெயர் இல்லை. ஒரே ஓரிடத்தில், ஹெடரின் முதல் வரியில் மட்டும் இருந்தது: 'பராமரிப்பு: இரா. அன்புச்செல்வி'. தென்னந்தோப்பில் கூலிக்குத் தேங்காய் உரித்த ராசப்பனின் முதலெழுத்து அந்தப் பெயருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது. அதை யாரும் படித்ததில்லை.

ஆறு மாதத்துக்கு முன் முதலாளியின் அக்காள் மகன் சாய்குமார் தொழில்நுட்பத் தலைவராக வந்தான். ஹெடரைத் தானே எழுதும் கருவியொன்றைக் கொண்டுவந்தான். கருவியை நான் குறை சொல்லமாட்டேன். மனிதன் முதுகை நிமிர்த்தும் எந்தக் கருவியும் வாழ்க. கருவி தான் ஓடிய இடத்தைப் பார்த்து உண்மையைத்தான் எழுதியது. ஆனால் அதை அவன் போர்டில் ஓட்டவில்லை. தன் மடிக்கணினியில் ஓட்டினான். மடிக்கணினியில் சீரான கடிகாரம் உண்டு. எனவே இருநூற்றுப் பதினோராம் வரியில் ஒன்று விழுந்தது. அன்றுமுதல் போர்டு கடிகாரத்தை நம்பியது; கடிகாரம் தாவினால் முப்பது விநாடியும் கழிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். ஒரே பிற்பகலில் ஆறு ஹெடர்களும் ஒன்றாயின. அவள் குறிப்புகள் யாவும் அழிந்தன. முதல் வரியைக் கருவி தொடவில்லை. பெயர் மட்டும் மிஞ்சியது.

"போர்டுல ஓட்டிப் பாத்தீங்களா தம்பி?" என்று அன்றைய கூட்டத்தில் அவள் கேட்டாள்.

"அக்கா, இன்னும் ஆட்டுக்கல்லுலதான் மாவாட்டுவேன்னு நின்னா எப்படிங்க? வெளில கிரைண்டர் வந்து எத்தன வருசமாச்சு!"

பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். அவள் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் இல்லை. இரண்டாவதை எழுதினாள், எழுதியதை அனுப்பாமல் வைத்தாள். சேர்ந்த புதிதில் கேண்டீனில் காதில் விழுந்த ஒரு சொல், 'கோட்டாவுல வந்தவங்க' என்ற சொல், பதினோரு ஆண்டு கழிந்தும் அவள் விரல்களுக்குள்ளேயே குடியிருந்தது. இன்னொரு முறை கேட்டால் இன்னொரு முறை சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சி அவள் மௌனமானாள். இதை மறைத்து அவளை நான் தெய்வமாக்க விரும்பவில்லை. அந்த மௌனத்தை அவள் யாரைவிடவும் நன்றாக அறிவாள்.

நேற்றுத்தான் மருத்துவமனைக்குப் போய்வந்தாள். விபத்தில் கை சிக்கிய மெர்சி என்ற பெண்ணுக்கு இருபத்தாறு வயது. வலக்கை முழங்கைவரை கட்டு. மூன்று விரல்கள் இல்லை.

"நீங்க எந்த ஆபீஸுங்க்கா?" என்று மெர்சி கேட்டாள். "காலைல இருந்து நாலு பேரு வந்துட்டாங்க, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டு. பேசாம இங்கயே ஒரு கடை போட்டுறலாமாட்ட இருக்குது."

"அந்த மெஷினுக்குள்ள ஓடற புரோகிராம் பாக்கறவ நான்."

மெர்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்புச்செல்வியால் தாங்கியிருக்க முடியும்.

"கரண்டு போனா பஞ்சு சீவற கார்டிங் மெஷின்ல பஞ்சு சிக்கிக்குமுங்க. இருட்டுல ஒண்ணும் தெரியாது. லைட்டு வந்து மணி அடிக்கறப்பத்தான் கைய உட்டு எடுப்போம். அந்த வரிசைல நிக்கற அஞ்சு பேரும் கும்மிப் பாட்டாட்ட சத்தமா எண்ணுவோமுங்க. இருவத்தஞ்சுல எல்லாருங் கைய எடுத்துருவோம். சூப்பர்வைசரு பேச்சக்கூட நம்பமாட்டோம், மணிய நம்புவோம். நான் சேந்து ஏழு வருசமாச்சு, ஒரு நாளு ஏமாத்துனதில்லீங்க்கா."

"அன்னைக்கு?"

"பதினொண்ணு எண்ணறப்பவே ஓடிருச்சுங்க."

மெர்சி இடக்கையால் போர்வையை இழுத்துக் கட்டை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு குழந்தையின் குரலில் கேட்டாள்: "அது ஏனுங்க்கா பொய் சொல்லுச்சு?"

அன்புச்செல்விக்குப் பதில் தெரியும். உலகத்திலேயே அந்தக் கேள்விக்கு முழுப் பதில் தெரிந்தவள் அவள் ஒருத்தி. ஆயினும் சொல்லாமல் எழுந்து வெளியே வந்தாள். பதினோரு ஆண்டு அவள் மணியைப் பொய் சொல்லவிடாமல் காத்தாள். அதனாலேயே யாரென்றே அறியாத பெண்கள் கூட்டமாய் நின்று எண்ணக் கற்றார்கள். அதனாலேயே அந்தக் கை உள்ளே போனது. தன் நேர்மையே அந்தப் பெண்ணை இயந்திரத்தின் பல்லுக்கு அழைத்துப்போனதாக எண்ணியபோது, மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது, இந்த மேசையின்முன், அவள் தாளைத் திருப்பி வைத்தாள்.

"இதே ஹெடரு முப்பத்தி நாலு மில்லுல ஓடுதுங்க. எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்தி, அந்த ஒரு வரிய மாத்தோணும். ஒரு நாள் வேலைங்க."

சீனிவாசலு பெருமூச்சு விட்டார். "ஒரு எடத்துல ஒருத்தரு தப்புன்னா அதோட போயிருமுங்க அம்மணி. முப்பத்தி நாலு எடம்னா கம்பெனியே தப்புன்னு ஆயிரும். இருநூறு குடும்பம் இத நம்பி இருக்குது. அடுத்த மாசம் புது வெர்ஷன்ல சத்தமில்லாம மாத்திக்கலாம்னு மாப்ள சொல்றான்."

"அது வரைக்கும் ஈபிக்காரங்க கரண்ட நிறுத்தமாட்டாங்களாமாங்க? எழுதிக் குடுத்துட்டாங்களா?"

சாய்குமார் முதன்முறையாக வாய் திறந்தான். "அக்கா, ஃபைல் தலைல உங்க பேருதானுங்களே இருக்குது?"

"அந்தப் பேர இன்னைக்குத்தான் படிச்சீங்களா தம்பி?"

அவள் பேனாவை மூடினாள். மூடியை அழுத்திய சத்தம் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. கையெழுத்திடாத தாளை அவர்கள் பக்கமாக நகர்த்திவிட்டு எழுந்தாள். மாடிப்படி இறங்கி வாசலுக்கு வருவதற்குள் அவளுடைய அடையாள அட்டை கதவைத் திறக்க மறுத்துவிட்டது. காவலாளி தன் அட்டையைக் காட்டித் திறந்துவிட்டுத் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்தின் இரும்புப் பலகை வெயிலில் கொதித்தது. ஆலை ஃபிட்டர்களின் எண்கள் அவள் கைப்பேசியில் இருந்தன. பவானிப் பக்கத்து ஆலையின் பாலுசாமியை முதலில் அழைத்தாள்; எத்தனையோ போர்டுகளை இருவரும் தொலைபேசியிலேயே சரிசெய்தவர்கள்.

"ஏனுங்க பாலுசாமி, கரண்டு வந்து மணி அடிச்சா யாரையும் கைய உட வேண்டாம்னு சொல்லிருங்க. மெயின நிறுத்திப்போட்டுத்தான்..."

"அம்மணி," என்று அவர் இடைமறித்தார். குரலில் கூச்சம். "காலைல பத்து மணிக்கே கம்பெனில இருந்து மெயில் வந்துருச்சுங்க. உடுமலை மெஷினுக்கு நீங்க தப்பா எழுதிப்போட்டீங்க, உங்கள நிறுத்தியாச்சு, நீங்க கூப்பிட்டா பேச வேண்டாம்னு. நான் புள்ளகுட்டிக்காரனுங்க. மன்னிச்சுக்கோங்க."

பத்து மணி. கேட்டீர்களா? அவள் முன்னால் அந்தத் தாள் வைக்கப்பட்டதே பத்தரைக்கு.

அவள் அடுத்த எண்ணை அழைத்தாள். அதற்கடுத்ததையும் அழைத்தாள். ஒன்பது பேர் எடுத்தார்கள். ஒன்பது பேரும் மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு யாரும் எடுக்கவில்லை. எந்தப் பெயரின் வார்த்தைக்கு முப்பத்து நான்கு ஆலைகள் செவிசாய்க்க வேண்டுமோ, அந்தப் பெயரைத்தான் முதலில் கொன்றிருக்கிறார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பேருந்துகள் வந்து நின்று போவதைப் பார்க்காமல், அவள் இன்னும் அழைத்துக்கொண்டே இருக்கிறாள்.

அவள் குரலை அடைத்துவிட்டார்கள். உங்கள் குரலை அடைத்தவர் யார்? உங்கள் தெருவிலிருந்து எத்தனை பெண்கள் ஆலைப் பேருந்தில் ஏறுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இரக்கம் வேண்டாம், இரங்கல் கூட்டம் வேண்டாம். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் போய் நில்லுங்கள். மெயினை நிறுத்தாமல் கையை விடாதே என்று உள்ளே போகும் ஒவ்வொருத்தியிடமும் சொல்லுங்கள். வரியை மாற்றியது யார் என்று மேலாளர் அறைக்குள் புகுந்து உரக்கக் கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். பவானிப் பக்கத்தில் இப்போதுதான் கரண்ட் வந்திருக்கிறது. மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. ஓடுங்கள்! புடவைக்குமேல் அணிந்த சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சிக்கிய பஞ்சைத் தேடி, ஒருத்தி குனிந்துகொண்டிருக்கிறாள்.