ஒரு கரண்டி கடவுள்

எங்கள் தெருவில் கடவுளை உறை ஊற்றித்தான் எடுப்போம். காலையில் காய்ச்சின பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், முந்தின நாள் கடவுளில் ஒரு கரண்டி விட்டுக் கலக்கி, தட்டைப் போட்டு மூடிவிட வேண்டும். சாயங்காலத்துக்குள் உறைந்துவிடுவார். ஆளுக்குக் கொஞ்சம் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு கரண்டியை மறுநாளைக்கு எடுத்துவைப்போம். உறை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். விளக்கு வைத்த பிறகு மட்டும் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கடவுள் என் மாமியார் கையால் வந்தவர். கெட்டியோ கெட்டி. வெட்டி எடுத்தால் துண்டு துண்டாக நிற்பார். சட்டிக்குள் இருந்தபடியே பேசுவார். பேசுவதெல்லாம் கூடாது என்றுதான் முடியும். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக் கூடாது, வடக்கே தலை வைக்கக் கூடாது, பொம்பளை சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது. கோடையில் புளித்துவிட்டால் என்னைப் பெயர் சொல்லி அதட்டுவார். ஆனாலும் தெருவிலேயே பழைய கடவுள் எங்களுடையவர்தான், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சென்னையில் என் நாத்தனார் அவரை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். அங்கே அவர் புளிப்பதும் இல்லை, பேசுவதும் இல்லை.

என் மகள் மங்கைக்குக் கல்யாணமாகி, விருந்தெல்லாம் முடிந்து, அன்று சாயங்காலம் தனிக்குடித்தனம் போகிறாள். புதுக்குடித்தனம் போகும் பெண் தாய்வீட்டுக் கடவுளை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோக வேண்டும். அதை ஊற்றித்தான் அங்கே முதல் பால் உறையும். வெறுங்கையோடு போனால் அந்த வீட்டில் யாரை நம்பி அடுப்பு மூட்டுவாள்? காலையிலேயே வெள்ளிக் கிண்ணத்தைத் துலக்கிக்கொண்டு வந்து பார்த்தால், என் வீட்டுக்காரர் கடவுள் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பழைய சோற்றை அதிலேயே போட்டுப் பிசைந்து, சட்டியை வழித்துச் சாப்பிட்டிருக்கிறார் மனுஷன். ஒரு பொட்டு மிச்சமில்லை. நல்லா இருந்துச்சு என்றார். முகம் அப்படி ஜொலித்தது. திட்ட மனசு வரவில்லை, ஆனாலும் திட்டினேன். எல்லாவற்றையும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு சொம்பு வெதுவெதுப்பான பாலையும் குடித்துவிட்டு ஈசிசேரில் சாய்ந்துகொண்டார்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டு ஆரோக்கியத்தின் கடவுள் எங்களிடமிருந்து போனவர்தான். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். ஆளே மாறியிருந்தார். லேசான தித்திப்பு, போதாததற்குத் தாளம் போட்டுக்கொண்டு பாட்டு வேறு. எதிர்வீட்டுக் குமுதவல்லியின் கடவுளும் எங்கள் உறைதான். அவர் மழை எப்போது வரும் என்று என்னிடமே கேட்டார். எந்தப் பாலில் உறைகிறாரோ அந்தப் பாலின் குணம் அவருக்கு வந்துவிடுகிறது, யாரைக் குறை சொல்ல? என் மாமியார் கடவுளுக்கு ஈடாகாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஆரோக்கியம் வாசல் வரைக்கும் கூடவே வந்தாள்.

"அக்கா, உங்க மாமியாருக்கும் யாரோ ஒரு கரண்டி கொடுத்திருப்பாங்கல்ல?"

வீட்டுக்கு வந்து காலிச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அடுப்படி அமைதியாக இருந்தது. கூடாது என்று சொல்ல ஆளில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நான் அவருக்குப் பயந்துகொண்டேதான் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பயத்தைத்தானே வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து என் பெண்ணுக்குக் கொடுக்க இருந்தேன்!

மங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, பால் இருக்கு. பச்சை மிளகாய்க் காம்பு இருக்கு. போட்டுப் பார்ப்போமா?"

காம்பைக் கிள்ளிப் போட்டாலும் பால் உறையும், அது ஊருக்கே தெரியும். ஆனால் கடவுளை யாரும் அப்படி எடுத்ததில்லை. யார் வீட்டுக் கடவுள் என்று உன் மாமியார் கேட்டால் என்னடி சொல்லுவாய் என்றேன்.

"எங்க வீட்டுக் கடவுள், இன்னைக்குத்தான் பிறந்தார்னு சொல்லுவேன்."

பாலை ஆற்றி, காம்பைப் போட்டு, மூடிவைத்தோம். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தூக்கிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வெயில் தாழ்ந்து, வாசலில் வேன் வந்து ஹாரன் அடித்தபோது மங்கைதான் தட்டை எடுத்தாள்.

உறைந்திருந்தார். கெட்டியில்லை. தளதளவென்று, ஓரத்தில் கொஞ்சம் நீர் விட்டுக்கொண்டு இருந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் எந்தக் கடவுளும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. மங்கை சத்தம் போட்டுச் சிரித்தாள். கடவுளும் கூடச் சிரிக்க, சட்டி குலுங்கியது. முதல் கரண்டியை என் வாயில் ஊட்டினாள். தொண்டையில் லேசாகக் காரம், வயிறெல்லாம் சந்தோஷம். கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு, தூங்குகிற அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கால் சில்லென்று இருக்கிறது, போர்த்திவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய் வேனில் ஏறினாள். கிண்ணத்துக்குள்ளிருந்து அவர் டிரைவரிடமும் சாப்பிட்டாயா என்று விசாரிப்பது தெருமுனை வரைக்கும் கேட்டது.

போர்வையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், என் வீட்டுக்காரர் ஈசிசேரிலேயே உறைந்திருந்தார். வெள்ளை வெளேரென்று, நல்ல கெட்டி. குளுகுளுவென்று இருக்கிறது, அசைக்காதே, நீர் விட்டுவிடும் என்றார். பிறகு மாமியார் கடவுளின் குரலில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டலாம் என்றார். வடக்கே தலை வைக்கலாம். சத்தம் போட்டுச் சிரிக்கலாம். நானும் சிரித்தேன்.

ஆரோக்கியம் கிண்ணத்தோடு வந்தாள். புதுசு வேண்டுமா, பழசு வேண்டுமா என்று கேட்டேன். பழசே கொடுங்கக்கா என்றாள். இன்னும் விளக்கு வைக்கவில்லை. இவர் தோளிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, பூனை வாய்வைக்காமல் இருக்க மேலே ஒரு தாம்பாளத்தைப் போட்டு மூடினேன்.