யார் கைப் பணம்

தங்கப்பாண்டியன் கை வைத்தால் விளங்காது என்பது வன்னியம்பட்டியில் தீர்ப்பாகிப் போன விஷயம். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்து கோழிப்பண்ணை போட்டார். கோழிகளுக்குச் சீக்கு வந்தது. மினி லாரி வாங்கினார். ஆறே மாதத்தில் எஞ்சின் போனது. அதற்குப் பிறகு, விதைப்பு நாளில் முதல் பிடி அள்ளித் தரும் முறை வரும்போது, சொந்தக்காரர்கள் அவரைத் தாண்டி அடுத்த ஆளிடம் விதைப்பெட்டியை நீட்டுவார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அதனால் மூன்றாவது தொழிலுக்கு ராசியான கையிலிருந்துதான் பணம் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இராஜபாளையத்தில் வைகுண்டராஜ் என்பவர் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளில் நான்கை விற்க இருந்தார். தறியோடு அதை ஓட்டுகிற ஆட்களும் வருவார்கள் என்று பேச்சு. ஊரில் ராசிக்காரர் என்று பெயரெடுத்த மாமன் மச்சான் எல்லோரையும் கேட்டுப் பார்த்தார், ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் வங்கிதான் வீட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு பதினெட்டு லட்சம் கொடுத்தது. திங்கட்கிழமை கையெழுத்தானது, அன்றைக்கே பணம் வைகுண்டராஜ் கணக்குக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை தறி வர வேண்டும்.

மனைவி வெள்ளத்தாய் மட்டும் ஒரு குறை சொன்னாள். "பேங்க்ல யாரோ போட்ட பணத்தத்தான நமக்குக் குடுத்திருக்காக? அது யாருன்னு கேட்டு, அவியளுக்கு வெத்தல பாக்கு வச்சு இனிப்புக் குடுத்துட்டு வாங்க. மொதல் குடுத்த கைய மறக்கப்படாது."

புதன்கிழமை காலையில் அரைக்கிலோ பால்கோவாவும் வெற்றிலை பாக்குமாக மேனேஜர் சுந்தரராஜன் முன்னால் போய் உட்கார்ந்தார் தங்கப்பாண்டியன். விஷயத்தைக் கேட்ட மேனேஜர் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். விளக்கம் சொல்வதில் ஆசையுள்ள மனுஷர்.

ஊரார் போட்ட பணம் அவரவர் கணக்கில் அப்படியே இருக்கிறதாம், ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையாம். தங்கப்பாண்டியன் கையெழுத்துப் போட்டதும் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் கடன் பதினெட்டு லட்சம், மறுபக்கம் அவர் கணக்கில் இருப்பு பதினெட்டு லட்சம் என்று எழுதினார்களாம். அவ்வளவுதானாம்.

"அப்ப அதுக்கு முந்தி அந்தப் பணம் எங்கன இருந்துச்சு சார்?"

"எங்கயும் இல்ல. நீங்க கையெழுத்துப் போட்டப்பதான் பொறந்தது. உங்க கையில இருந்து வந்ததுன்னே வச்சுக்குங்களேன்."

தங்கப்பாண்டியன் விடவில்லை. இல்லாத பணத்துக்கு வட்டி எதற்கு, பத்திரம் எதற்கு என்று கேட்டார். இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது, அதற்கு ஆயிரம் கட்டுப்பாடு உண்டு, நீங்கள் கட்டாவிட்டால் நட்டம் எங்கள் தலையில்தான் என்றார் மேனேஜர். கடனை அடைக்க அடைக்க அந்தப் பணம் மறைந்துகொண்டே வரும் என்றும் சொன்னார். பிறந்த கதையே புரியாதவருக்கு மறைகிற கதை எங்கே புரியும்? ஒன்று மட்டும் புரிந்தது. எந்தக் கைக்குப் பயந்து ஊரெல்லாம் அலைந்தாரோ, தன்னுடைய அந்தக் கையே முதல் பணத்தையும் போட்டிருக்கிறது.

பால்கோவாவை மேஜையிலேயே விட்டுவிட்டு இராஜபாளையம் பஸ் ஏறினார். தறியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பணத்தைத் திருப்பி வாங்கிவிட வேண்டும். மூன்றாவது தடவையும் ஊர் சிரிப்பதைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை.

வைகுண்டராஜ் கையை விரித்துவிட்டார். மூன்று மாதச் சம்பளப் பாக்கி, நூல்காரருக்குப் பாக்கி என்று நேற்றே பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டதாம். எங்குமே இல்லாத பணம் அதற்குள் நூல்கடை வரைக்கும் போய்விட்டது. தங்கப்பாண்டியன் தறிக்கூடத்து வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது தறி ஓட்டுகிற சுடலைமாடத்தி வெளியே வந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவரிடம் வேலைக்கு வர வேண்டியவள். கையில் நோட்டுக் கட்டு.

"அண்ணாச்சி, ஒங்க பணம் வந்த பொறவுதான் எங்களுக்குச் சம்பளம் கெடச்சுதுன்னு மொதலாளி சொன்னாரு. நாளைக்கு மகளுக்கு நர்சிங் காலேஜ்ல பீஸு கட்டணும். இத ஒருக்கா வாங்கி, ஒங்க கையால திருப்பிக் குடுங்க. ராசியான கை."

"என் கையப் பத்தி ஒனக்குத் தெரியாது தாயி," என்றார்.

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ வருஷமாக அவர் கையை நம்பி ஒருத்தரும் எதையும் நீட்டியதில்லை. தங்கப்பாண்டியன் இரண்டு கையாலும் வாங்கினார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, யாருடையது என்று அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. கண் கலங்கியதில் நோட்டு சரியாகத் தெரியவுமில்லை. திருப்பிக் கொடுத்தார்.

அவள் அதைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டாள்.

"ஆறு மணிக்கே வந்துரு," என்றார் தங்கப்பாண்டியன்.